பத்தொன்பது என்று எழுதினார்கள்

கோர்ட்டில் நம்மைக் குற்றவாளி என்று எழுதுவதில்லை. 'எதிரி' என்று எழுதுகிறார்கள். நான் 4-ஆம் எதிரி. என் சின்னம்மா மகன் 9-ஆம் எதிரி. எம்.ஏ. தமிழ் முதல் வருஷம் படித்துக்கொண்டிருந்த எனக்கு அந்தச் சொல்லைத் தீர்ப்பு நகலில் படிக்கும்போதுதான் உறைத்தது. யாருக்கு எதிரி? அரசுக்காகக் காவல் ஆய்வாளர் ஒரு பக்கம், எதிரிகள் பதினோரு பேர் இன்னொரு பக்கம். பதினோரு பேரும் ஒரே காலனி. அதில் ஒன்பது பேருக்குச் சொந்தமாக ஒரு செண்ட் நிலம் கிடையாது. இந்த அரசுக்கு இவ்வளவு பலவீனமான எதிரிகள் வேறு எங்கேயும் கிடைத்திருக்க மாட்டார்கள்.

2012 ஏப்ரல் 14. அம்பேத்கர் பிறந்த நாள். காலனி முக்கில் கொடிக்கம்பம் நட்டு, ரேடியோ கட்டி, பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தோம். ஊர்த் தெருவிலிருந்து இரண்டு பைக்கில் வந்தவர்கள் ரேடியோவை நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தவில்லை. அவ்வளவுதான் காரணம். சாயங்காலம் கல் விழுந்தது. எங்கள் பக்கம் ஒரு கிழவிக்கு மண்டை உடைந்தது. நாங்கள் முதலில் ஸ்டேஷனுக்குப் போனோம். எங்கள் புகாரை வாங்கி வைத்துக்கொண்டு உட்காரச் சொன்னார்கள். ராத்திரி பத்து மணிக்கு அவர்கள் புகார் வந்தது. அதற்கு முதலில் நம்பர் போட்டார்கள். எங்கள் புகார் அதற்கு அடுத்த நம்பர்.

இது தெரியாத தலித் யாரும் தமிழ்நாட்டில் இருக்க மாட்டார்கள். நாம் ஒரு பி.சி.ஆர். கேசு கொடுத்தால் அதற்கு ஜோடியாக ஒரு கவுண்டர் கேசு தயாராகிவிடும். 147, 148, 294(பி), 323, 506(2). இந்த எண்கள் நம் காலனிப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம். 2024 ஜூலை 1 முதல் தண்டனைச் சட்டத்தின் பேரும் மாறி எண்களும் மாறிவிட்டன. எழுதுகிற கை மாறவில்லை.

எங்கள் புகாரில் அவர்கள் மூன்று பேர். அவர்கள் புகாரில் நாங்கள் பதினோரு பேர் 'மற்றும் சிலர்'. இந்த 'மற்றும் சிலர்' என்பது திறந்து வைத்த கதவு. எப்போது வேண்டுமானாலும் அதற்குள் ஒரு பெயரைத் தள்ளலாம். அப்படித் தள்ளப்படாமல் முதலிலேயே பேரோடு போனவன் தம்பி. கல் விழுந்தபோது அவன் கிழவியைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவன். ஆஸ்பத்திரி வாசலிலேயே பிடித்தார்கள்.

ஸ்டேஷனில் ரைட்டர் வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தார். பேரு, அப்பன் பேரு, சாதி, வயசு.

"வயசு என்னடா?"

"பதினாறு சார். இப்பத்தான் லெவன்த் பரீச்ச எழுதிருக்கேன்."

ரைட்டர் அவனை மேலும் கீழும் பார்த்தார். தம்பி கபடி விளையாடுகிறவன். வளர்த்தியான பையன். "இந்த ஒடம்புக்குப் பதினாறா?" என்று சிரித்துக்கொண்டே எழுதினார். என்ன எழுதினார் என்று எங்களுக்குத் தெரியாது. ரிமாண்டு முடிந்து வக்கீல் எஃப்.ஐ.ஆர். நகல் வாங்கிக் காட்டியபோது பார்த்தோம். 'வயது 19.'

அந்தப் பத்தொன்பதால் அவன் எங்களோடு பெரியவர்கள் ஜெயிலில் பதினான்கு நாள் இருந்தான். ராத்திரி என் பக்கத்தில்தான் படுத்திருந்தான். "அண்ணே, ட்வெல்த்துக்கு சீட்டுக் குடுப்பாகளா?" என்று ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தான். ஜாமீன் எடுக்க இரண்டு ஜாமீன்தார் வேண்டும், வீட்டுவரி ரசீது வேண்டும் என்றார்கள். பட்டா இல்லாத காலனியில் வரி ரசீதுக்கு எங்கே போவது? சின்னம்மா பக்கத்து ஊர்ச் சொந்தக்காரர் வீடுகளில் நாலு நாள் நடந்து ஆள் பிடித்துக்கொண்டு வந்தது. வெளியே வந்த பிறகு தினமும் காலை பத்து மணிக்கு ஸ்டேஷனில் கண்டிஷன் கையெழுத்து. தம்பி பள்ளிக்கூட யூனிபாரத்தோடு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு, முதல் பீரியடு முடிந்த பிறகு வகுப்புக்குப் போனான். அந்த யூனிபாரத்தைப் பார்த்துக்கூட ஒருவரும் பத்தொன்பதைத் திருத்தவில்லை.

மற்றவர்களைச் சொல்லிவிட்டேன். இனி என்னைச் சொல்ல வேண்டும்.

2014-இல் வாய்தா ஒன்றில் எங்கள் வக்கீலின் ஜூனியர், சின்னப் பையன், கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார். "ஒன்பதாவது ஆளு வயசு சரியா இருக்கா சார்? சர்ட்டிபிகேட் இருந்தாக் குடுங்க. சிறுவன்னு மனுப் போட்டுப் பிரிச்சிரலாம். இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போயிரும்." பக்கத்திலிருந்த குமாஸ்தா அய்யா தலையை ஆட்டினார். "பிரிச்சா அவனுக்கு ஒரு வாய்தா, இவங்களுக்கு ஒரு வாய்தா. ஜில்லாத் தலைநகரத்துக்கு அலையணும். எப்படியும் விடுதலைதானே ஆகப்போகுது. எதுக்கு?"

காலனிக்காக எழுதப் படிக்க, பேச நான்தான் இருந்தேன். முடிவு என் கையில் இருந்தது. நான் சொன்னேன், "வேண்டாம். எல்லாரும் சேர்ந்தே நிக்கிறோம்." அப்போது அந்த வாக்கியம் எனக்குப் பெருமையாக இருந்தது. கூட்டத்தில் பேசுகிற வாக்கியம் அது. தம்பியிடம் நான் கேட்கவில்லை. சின்னம்மாவிடமும் கேட்கவில்லை.

நான் வேண்டாம் என்று சொன்னது என்ன என்பது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்துகொள்ளாமல் சொன்னதுதான் குற்றம். ஆகவே இப்போது விவரமாகச் சொல்கிறேன். படிக்கிறவர்கள் தயவுசெய்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவின் பல மாநிலங்களில், பழைய குற்றப் பதிவை மூடி முத்திரையிடச் சொல்லிக் கோர்ட்டில் மனுப் போடலாம். அதற்கென்று படிவம் உண்டு, கட்டணம் உண்டு, கட்ட முடியாதவர்களுக்கு விலக்குக் கேட்கவும் வழி உண்டு. நம் நாட்டில் வயதுவந்தவர்களுக்கு அப்படி ஒரு சட்டமே இல்லை. விடுதலை ஆன ஒருவர் தீர்ப்பிலிருந்து தன் பேரை நீக்கச் சொல்லிக் கேட்டபோது, அதற்குச் சட்டமோ விதியோ இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் மறுத்தது. மேல்முறையீட்டில் 2024-இல் நீக்கச் சொல்லி உத்தரவானது. அதே ஆண்டு உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்திவைத்தது. உயர் நீதிமன்றத்துக்குப் போய் 482-இல் எஃப்.ஐ.ஆரை ரத்துச் செய்யக் கேட்கலாம், இப்போது அது 528. ஆனால் வழக்கு முடிந்து விடுதலையும் ஆனவன் எதை ரத்துச் செய்யக் கேட்பான்?

ஒரே ஒரு இடத்தில்தான் சட்டம் உண்மையிலேயே பதிவை அழிக்கச் சொல்கிறது. அது பதினெட்டு நிறையாத பிள்ளைகளுக்கு. ஆண்பிள்ளைகளுக்குப் பதினாறு என்றிருந்ததைப் பதினெட்டாக்கியது 2000-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். அந்த வழக்கால் பிள்ளைக்கு எந்தத் தகுதியிழப்பும் வரக்கூடாது, பதிவுகளை உரிய காலத்துக்குப் பிறகு அழித்துவிட வேண்டும் என்று அதன் 19-ஆம் பிரிவு சொன்னது. அதற்குப் பதிலாக வந்த 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது 24-ஆம் பிரிவு. தீர்ப்பே பிள்ளைக்கு எதிராகப் போனால்கூட, கொடுங்குற்றம் தவிர மற்றவற்றில் இதுதான் நிலை. நன்னடத்தைச் சான்றுக்காகப் பிள்ளையின் பதிவைப் போலீஸ் வெளியே கொடுக்கக்கூடாது என்கிறது 74-ஆம் பிரிவு. 2016-ஆம் ஆண்டின் மத்திய மாதிரி விதிகள் ஏழு வருஷத்துக்கு மேல் அந்தப் பதிவை வைத்திருக்காதே என்கின்றன.

அதாவது, தம்பிக்கு முன்னால் ஒரு கதவு திறந்திருந்தது. ரைட்டர் அதைப் 'பத்தொன்பது' என்ற ஒரு சொல்லால் சாத்தினார். 'சேர்ந்தே நிக்கிறோம்' என்று சொல்லி நான் தாழ்ப்பாள் போட்டேன்.

2017-இல் கேசு முடிந்தது. எப்படி முடிந்தது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஊர்ப் பெரியவர்கள் பேசினார்கள். "நீங்க அத விடுங்க, நாங்க இத விடுறோம்." வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்கில் ராஜி கிடையாது என்பது எல்லாருக்கும் தெரியும். ராஜி வேண்டாமே, சாட்சி பிறழ்ந்தால் போதுமே. மண்டை உடைந்த கிழவி தனக்கு இருட்டில் ஆள் அடையாளம் தெரியவில்லை என்று சொன்னது. அவர்கள் சாட்சிகளும் எங்களை அடையாளம் காட்டவில்லை. எங்கள் வழக்கில் 'சந்தேகத்தின் பலனை எதிரிகளுக்கு அளித்து' விடுதலை. இரண்டு கேசும் செத்தது. சமமாகப் போயிற்று என்றார்கள்.

சமமா? அவர்கள் மூன்று பேரும் போனது சொந்த வயலுக்கும் உரக்கடைக்கும் மாமனார் மில்லுக்கும். அங்கே யாரும் போலீஸ் வெரிஃபிகேஷன் கேட்பதில்லை. நமக்கு நிலம் இல்லை, கடை இல்லை. நமக்கு இருக்கிற ஒரே சொத்து ஒரு சர்ட்டிபிகேட்டும் அதை வைத்துக் கேட்கிற அரசாங்க வேலையும். கேசு போடுகிறவனுக்கு இது நன்றாகத் தெரியும். ஆறு மாசம் உள்ளே வைப்பது அவன் நோக்கமில்லை. ஆறு வருஷம் கழித்து வரப்போகிற வேலை உத்தரவுதான் அவன் குறி.

2019-இல் தம்பி காவலர் தேர்வு எழுதினான். எழுத்துத் தேர்வு பாஸ். கயிறு ஏறினான், ஓடினான், மார்பளவு, மெடிக்கல் எல்லாம் பாஸ். படிவத்தில் ஒரு கேள்வி. குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டது உண்டா? என்னைக் கேட்டான். உண்மையை எழுதச் சொன்னேன். மறைத்தால் மறைத்ததே ஒரு காரணமாகிவிடும் என்பது 2016-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதிலிருந்தே தெரியும். 'ஆம், விடுதலை' என்று எழுதினான்.

மாதம் இரண்டு கழித்துத் தபால் வந்தது. நிராகரிப்பு. தமிழ்நாட்டுக் காவலர் பணி விதிகளில் ஒரு விளக்கம் இருக்கிறது. சந்தேகத்தின் பலனாலோ, புகார்தாரர் பிறழ்ந்ததாலோ விடுதலை ஆனவனும் 'குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவன்' என்றே கொள்ளப்படுவான். சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2008-இல் அதைச் சரி என்றது. கோர்ட்டு விடுதலை செய்த அதே வாக்கியம் வேலைக்கு முன்னால் வந்து தண்டனையாக நின்றது.

சின்னம்மா அந்தக் கடிதத்தை மடித்து, தட்டில் வைத்து என் முன்னால் நீட்டியது. "ஏய்யா, படிச்ச பிள்ள நீ. இதுல என்ன போட்டிருக்கு?" படித்துச் சொன்னேன். "அப்ப வயசத் தப்பா எழுதுனத அன்னைக்கே கேட்டிருக்கலாம்ல?" என்று கேட்டது. எனக்கு வாய் வரவில்லை. அன்று ராத்திரிதான் 2014-இல் நடந்ததைத் தம்பியிடம் சொன்னேன். வெகுநேரம் சும்மா இருந்தான். பிறகு, "விடுங்கண்ணே, நீங்களும் உள்ளதான இருந்தீக" என்றான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சிறுவன் என்ற கோரிக்கையை எந்தக் கட்டத்திலும் எழுப்பலாம், வழக்கு முடிந்த பிறகும் எழுப்பலாம் என்று 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு சொல்கிறது என்பதை ஒரு தோழர் சொல்லித் தெரிந்துகொண்டேன். கொரோனா அடங்கி 2021-இல் அலையத் தொடங்கினோம். முதலில் தீர்ப்பு நகல். நகல் மனுப் போட்டோம். கட்டு ரெக்கார்டு ரூமுக்குப் போய்விட்டது என்றார்கள். கட்டு வந்த பிறகு எத்தனை பக்கம் என்று எண்ணி ஸ்டாம்பு கேட்டு போர்டில் ஒட்டுவார்கள். ஒட்டிய அன்று நாம் பார்த்திருக்க வேண்டும். பார்க்கத் தினமும் போக வேண்டும். தம்பி அப்போது லோடு வேனில் ஓடிக்கொண்டிருந்தான். போர்டைப் பார்க்கிற வேலை சின்னம்மாவுக்கு. எழுதப் படிக்கத் தெரியாத பொம்பளை, கேசு நம்பரை ஒரு சீட்டில் எழுதிக் கையில் வைத்துக்கொண்டு, போர்டில் உள்ள எழுத்தோடு ஒத்துப் பார்த்துவிட்டு வரும்.

பிறகு மனு. மனு ரிட்டர்ன் ஆனது. 'முடிவுற்ற வழக்கில் இம்மனு எவ்வாறு நிலைக்கத்தக்கது?' 9-ஆம் பிரிவைக் காட்டித் திரும்பத் தாக்கல் செய்தோம். மறுபடி ரிட்டர்ன், பள்ளிச் சான்றின் அசல் இல்லை என்று. அசல் வைத்துத் தாக்கல். பிறகு வாய்தா. தலைமை ஆசிரியர் சேர்க்கைப் பதிவேட்டோடு வந்து சாட்சி சொன்னார். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் பிறந்த தேதி 2011-இலேயே அச்சாகியிருந்தது. எஃப்.ஐ.ஆருக்கு ஒரு வருஷம் முந்தின தாள். ஒரே ஒரு தாள். அதை 2012 ஏப்ரல் 15 காலையில் யாராவது ஸ்டேஷனுக்கு எடுத்துக்கொண்டு போயிருந்தால் இத்தனையும் இல்லை.

செலவைச் சொல்கிறேன். மனுவில் ஒட்டுகிற கோர்ட்டு ஃபீஸ் சின்னத் தொகைதான். ஒருவேளை கறி எடுக்கிற காசுகூட ஆகாது. கோர்ட்டுக்குக் கட்டியது கொஞ்சம், கோர்ட்டுக்குப் போய்வரக் கட்டியதுதான் அதிகம். வக்காலத்து, டைப்பு, ஜெராக்ஸ், நோட்டரி, பஸ், டீ, கட்டை எடுத்துக் கொடுத்தவருக்கு, போகாத கூலி வேலை. சின்னம்மாவின் தோடு அடகுக்குப் போய் மூழ்கியது. இரண்டு ஆடு போனது. இதில் வயிறு எரிகிற செய்தி என்னவென்றால், இதில் பெரும்பகுதி நாங்கள் செலவழித்திருக்கவே வேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவில், பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. வக்கீல் மட்டும் இல்லை. கோர்ட்டு ஃபீஸ், சான்றிட்ட நகல், மனுத் தயாரிப்பு எல்லாம் அதில் வரும். ஜில்லாக் கோர்ட்டு வளாகத்திலேயே அந்த ஆபீசு இருக்கிறது. சின்னம்மா அதன் வாசலில் உட்கார்ந்துதான் மத்தியானச் சோறு தின்றது. உள்ளே போகலாம் என்று யாரும் சொல்லவில்லை. எம்.ஏ. படித்த நானும் சொல்லவில்லை.

2023-இல் உத்தரவு வந்தது. சம்பவ நாளில் மனுதாரர் பதினெட்டு வயது நிறையாதவர். பதினோரு வருஷம் கழித்து அரசாங்கம் அவன் வயதை ஒத்துக்கொண்டது. உத்தரவு நகலை ஸ்டேஷனுக்கும் மேலதிகாரி ஆபீசுக்கும் பதிவுத் தபாலில் அனுப்பினோம். ஒப்புகை அட்டை திரும்பி வந்தது. பதிவு அழிக்கப்பட்டது என்று ஒரு காகிதம் இன்றுவரை வரவில்லை. இப்போது ஏட்டு பழைய நோட்டைப் புரட்ட வேண்டியதும் இல்லை. கம்ப்யூட்டரில் பேரைத் தட்டினால் போதும்.

பேரைப் பதிவேட்டில் வைத்திருப்பது இந்த நாட்டில் புதிதில்லை. 1871-இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் பிறப்பையே குற்றமாகப் பதிந்தது. அது நாடு முழுக்க ஒழிந்தது 1952-இல். ஒழிந்ததா? ரௌடிப் பட்டியலைச் சாதி பார்த்து எழுதாதீர்கள் என்று உச்ச நீதிமன்றம் 2024 மே மாதம் சொல்ல வேண்டியிருந்தது. சிறை விதிகளில் உள்ள சாதியை நீக்குங்கள் என்று அதே ஆண்டு அக்டோபரில் சொல்ல வேண்டியிருந்தது. சட்டம் போனாலும் நோட்டுப் போகவில்லை.

உத்தரவு வந்த கையோடு தம்பியிடம் சொன்னேன், "இன்னொரு தடவ எழுதுடா. வயசு இன்னும் இருக்கு. சிறுவனா இருந்தப்ப போட்ட கேசக் காட்டி வேலை மறுக்கக் கூடாதுன்னு 2019-லயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லிருக்கு." படிவத்தை இறக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தான். அதே கேள்வி. குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டது உண்டா?

"இப்ப என்ன எழுதணும்ணே? ஆமான்னா இல்லையான்னா?"

சட்டப்படி அந்தப் பதிவே இருக்கக்கூடாது. ஆகவே 'இல்லை' என்று எழுதலாம் என்றேன். கம்ப்யூட்டர் 'ஆம்' என்று சொன்னால்? மறைத்தவன் ஆகிவிடுவான். 'ஆம்' என்று எழுதினால்? இல்லாத பதிவை அவனே உண்டாக்கிக் கொடுத்தவன் ஆகிவிடுவான். உத்தரவு நகலை இணைத்து, நடந்ததை அப்படியே விளக்கி எழுது என்றேன். கேட்டுக்கொண்டான். படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். கடைசித் தேதி போன பிறகு கேட்டேன்.

"முடியலண்ணே. அந்தக் கட்டத்துல பேனாவ வச்சாக் கை நிக்க மாட்டேங்குது."

இப்போது முப்பதைத் தொட்டுவிட்டான். சொந்தமாக ஒரு பழைய லோடு வேன் வைத்திருக்கிறான். கல்யாணம் ஆகி ஒரு பெண் குழந்தை. வண்டிக்குப் பின்னால் அம்பேத்கர் படம் ஒட்டியிருக்கிறான். செக்போஸ்டில் நிறுத்திப் பேரைக் கேட்கும்போது மட்டும் அவனுக்கு வேர்க்கும்.

என் வீட்டில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. அதில் எங்கள் காலனியில் பத்து வயதுக்கு மேலிருக்கிற பிள்ளைகள் அத்தனை பேரின் பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று ஜெராக்ஸ் இரண்டிரண்டு செட் வைத்திருக்கிறேன். போன வருஷம் ஒரு கோயில் கொடை ராத்திரியில் நாலு பையன்களைத் தூக்கிப் போனார்கள். விடிவதற்குள் பெட்டியோடு ஸ்டேஷனுக்குப் போய்விட்டேன். "யாருய்யா நீ?" என்றார் ரைட்டர். இரண்டு பையன்களின் சான்றை மேசையில் வைத்தேன். ஒருவனுக்குப் பதினைந்து, ஒருவனுக்குப் பதினேழு. அந்த இரண்டு பேரையும் எழுதாமல் அனுப்பினார்கள். மற்ற இரண்டு பேர்மீது ஒரு சின்ன வழக்கு. "ஒத்துக்கிட்டு ஃபைனக் கட்டிட்டுப் போங்கப்பா, ஒரே நாள்ல முடிஞ்சிரும்" என்றார்கள். கட்டவிடவில்லை. ஃபைன் கட்டினால் முடிவதில்லை, அது தண்டனை என்று பதிவாகும். கட்டத்தான் வேண்டும் என்ற நிலை வந்தால், 1958-ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டத்தின்கீழ் எச்சரித்தோ நன்னடத்தைப் பத்திரம் வாங்கியோ விடச் சொல்லிக் கேளுங்கள். அப்படி விடப்பட்டவனுக்கு அந்தத் தண்டனையால் வரும் தகுதியிழப்பு கிடையாது என்கிறது அதன் 12-ஆம் பிரிவு. இந்த முறை இலவச சட்ட உதவி ஆபீசுக்குள்ளே போய் உட்கார்ந்தோம். கேசு நடந்துகொண்டிருக்கிறது.

திரும்பி வரும்போது பதினைந்து வயசுப் பையன் என் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து வந்தான். பெட்டியை அவன்தான் மடியில் வைத்திருந்தான். "மாமா, என் சர்ட்டிபிகேட்ட எதுக்கு நீங்க வச்சிருக்கீக?" என்று கேட்டான். உன் வயசு உனக்கே இருக்கட்டும் என்றுதான் என்று சொன்னேன்.